எல்லோரிடமும் பாதுகாவலர் சான்றிதழ் கேட்பது ஏன்?
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோடு அவர்களுக்கான சட்டத் தடைகள் நீங்கிவிட்டன, இனி சமூக ஆதரவுதான் பாக்கி என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்தச் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட குறைபாட்டு வகைகள் 7-லிருந்து 21 ஆனதும், அரசு வேலை இடஒதுக்கீடு 4 சதவீதம் ஆனதும் உண்மைதான். ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள என் அக்கா மகனுக்குப் பேச்சு தெளிவாக வராது, கையெழுத்துப் போடக் கை ஒத்துழைக்காது; மற்றபடி வீட்டு வரவு செலவெல்லாம் அவன்தான் பார்க்கிறான். 18 வயதானதும் வங்கிக் கணக்கு தொடங்கப் போனால், அவனுக்காக முடிவெடுக்க ஒருவரை நியமித்ததற்கான பாதுகாவலர் சான்றிதழோடு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தன் பணத்தைத் தானே நிர்வகிக்க அவனுக்கும் சம உரிமை உண்டு என்கிறது அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு. கையெழுத்திட முடியாதவர் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை வைத்து, ஒரு வங்கி அலுவலர் உட்பட இரண்டு சாட்சிகளோடு பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் வழி சொல்லியிருக்கிறது. மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் குழு பாதுகாவலரை நியமிப்பது, தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு, சரி. அதை எல்லோரிடமும் கேட்டால் அதுவே தடையாகிவிடுகிறது. அம்மா பெயரில் கூட்டுக் கணக்கு வைத்தால் போதுமே என்று மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: அக்காவுக்கு அப்புறம் அவன் என்ன செய்வான்?