இர்வினும் ஹாலிஃபாக்ஸும் ஒரே ஆள்தான்

காந்தி–இர்வின் ஒப்பந்தம், 1931 என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த இர்வின் அப்புறம் என்ன ஆனார் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் உலகப்போர் பற்றிப் படித்தால் சர்ச்சிலுக்குப் போட்டியாக ஹாலிஃபாக்ஸ் பிரபு என்று ஒருவர் வருவார். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது. பிரபுக்களுக்குப் பட்டம் மாறினால் பேரே மாறிவிடுகிறது, குழப்பம் நமக்கு.

இயற்பெயர் எட்வர்ட் வுட், 1881-ல் பிறந்தவர். தாத்தா சார்லஸ் வுட் 1854-ல் இந்தியாவுக்கு அனுப்பிய கல்வி அறிக்கையின் விளைவுதான் சென்னைப் பல்கலைக்கழகம். நாலாவது பையன், அண்ணன்கள் மூவரும் சிறுவயதிலேயே இறந்துபோக வாரிசானார். பிறவியிலேயே இடது கை சூம்பி, உள்ளங்கை இல்லாமல் இருந்தது. அப்படியும் குதிரையேறி நரி வேட்டை ஆடியவர். அந்தத் துணிச்சலை மெச்சலாம், நரிகள் மன்னிக்கட்டும்.

1926-ல் வைஸ்ராயாக வந்தார். பக்திமான், நாகரிகமானவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர் என்று இன்றும் எழுதுகிறார்கள். சரி, இருக்கட்டும். 1930 மார்ச்சில் காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், சராசரி இந்தியனுக்கு நாளுக்கு இரண்டணாகூட இல்லை என்று. வைஸ்ராய் தானே பதில் எழுதவில்லை, செயலாளரிடமிருந்து நாலு வரி வந்தது. மண்டியிட்டு ரொட்டி கேட்டேன், கல் கிடைத்தது என்றார் காந்தி. அப்புறம்தான் தண்டி, இங்கே ராஜாஜியின் வேதாரண்யம். ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில் தள்ளிவிட்டு, பிறகு அதே காந்தியை வீட்டுக்கு அழைத்து மரியாதையாகப் பேசி, 1931 மார்ச் 5-ல் கையெழுத்துப் போட்டார். பதினெட்டாவது நாள் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் தூக்கில். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் இவரிடம் இருந்தது, குறைக்கவில்லை.

எதிரே இருப்பவர் யாராயிருந்தாலும் உட்கார்ந்து பேசினால் வழிக்கு வருவார் என்ற நம்பிக்கை இவருக்கு இந்தியாவில்தான் ஊறியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதே நம்பிக்கையோடு 1937 நவம்பரில் ஹிட்லரைப் பார்க்கப் போனார். காரிலிருந்து இறங்கும்போது ஹிட்லரை வேலைக்காரன் என்று நினைத்து மேல்கோட்டைக் கொடுக்கப் போனாராம்! மறு வருஷம் வெளியுறவு அமைச்சர், அந்த செப்டம்பரிலேயே மியூனிக் ஒப்பந்தம், செக்கோஸ்லோவாக்கியாவைத் துண்டு போட்டாயிற்று.

1940 மே 9-ல் பிரதமர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டு போரை நடத்த முடியாது என்று இவரே ஒதுங்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே சரியான முடிவு அது என்பேன். ஏனென்றால் அதே மாதக் கடைசியில், முசோலினி வழியாகச் சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்று போர்க்கால அமைச்சரவையில் சர்ச்சிலோடு மூன்று நாள் மல்லுக்கட்டினார். பிறகு சர்ச்சில் அவரை வாஷிங்டனுக்குத் தூதராக்கி அனுப்பினார். எங்கே தவறினாலும் அடுத்த நாற்காலி தயாராக இருக்கும் வர்க்கம் அது. அமெரிக்காவில் முதலில் டெட்ராய்டில் அவர்மேல் முட்டையும் தக்காளியும்தான் வீசினார்கள். போரில் ஒரு மகனை இழந்தார், இன்னொரு மகனுக்கு இரண்டு கால்களும் போயின. அதைப் படிக்கும்போது மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் ஒன்று மறக்க முடியவில்லை. அந்த 1937 சந்திப்பில் ஹிட்லர் அவருக்கு ஒரு யோசனை சொன்னான்: காந்தியைச் சுட்டுவிடுங்கள், அடங்காவிட்டால் காங்கிரஸ்காரர்களையும் வரிசையாகச் சுடுங்கள் என்று. அதைக் கேட்டு அந்தக் கனவான் அருவருத்துப் போனாராம். 1930 ஏப்ரல் 23-ல் பெஷாவர் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் நிராயுதபாணிகளைச் சுட்டுத் தள்ளியபோது, டெல்லியில் வைஸ்ராய் நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.