பதினோரு மாசத்துல மூணு ஹெட் கேஸ்கெட்

மூணு. பதினோரு மாசத்துல மூணு. இது லாரியும் இல்ல, டாக்ஸியும் இல்ல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும், மாசம் ஒரு தடவை திண்டிவனத்துக்கும் போற 2004 மாடல் மாருதி 800. அப்பா வாங்கின வண்டி. 796 சிசி, மூணே சிலிண்டர். கண்ணைக் கட்டி விட்டாலும் நம்ம ஊர் மெக்கானிக் பிரிச்சு மாட்டிடுவாருன்னு நம்பித்தான் விட்டேன். உண்மையிலேயே கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் மாட்டியிருக்காரு.

என் தப்பை மொதல்ல சொல்லிடறேன். மேல்மருவத்தூர் தாண்டி அச்சரப்பாக்கம் வர்ற நேரம், டெம்பரேச்சர் முள் விறுவிறுன்னு மேல ஏறுச்சு. ஓரம் கட்டலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள பொசுக்குன்னு கீழ விழுந்துடுச்சு. அப்பாடா, சரியாயிடுச்சுன்னு இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினேன் பாருங்க, அந்த அறிவுக்கு என்னைத்தான் அடிக்கணும். சென்சாரைச் சுத்தித் தண்ணி இருந்தாத்தான் அந்த முள் உண்மை பேசும். தண்ணி காலியான அப்புறம் அது என்னத்தைக் காட்டும்? சைலன்சர்ல வெள்ளைப் புகை, வண்டி ஒரே ஆட்டம். டீக்கடையில நாலு பேர் கூடிட்டாங்க. "ரேடியேட்டர் மூடியைத் தொறந்து தண்ணி ஊத்துங்க சார்"னு ஒருத்தர் கையையே கொண்டு போயிட்டாரு. கொதிக்கிற என்ஜின்ல மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துடும்யா! பச்சைத் தண்ணியை ஊத்தினா என்ஜினோட மேல்மூடி, அதான் ஹெட்டு, அதுவே விரிசல் விட்டுடும். அவரைப் பிடிச்சு நிறுத்தறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு.

டோ பண்ணி வீட்டுப் பக்கத்து ஒர்க்ஷாப்புல விட்டேன். ஆயில் அளவு பார்க்கற டிப்ஸ்டிக்கை உருவினா பால் காபி. தண்ணியும் ஆயிலும் ஒண்ணாக் கலந்து நொரைச்சுக் கெடக்கு. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், சாயங்காலம் வண்டி எடுத்துக்கலாம்"னாரு. அந்த "சாயங்காலம்" வந்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

ஏன்னா இந்த வேலை சாயங்காலத்துக்குள்ள முடியற வேலையே இல்ல. மேல இருக்கற ஹெட் அலுமினியம், கீழ சிலிண்டர் இருக்கற பிளாக் வார்ப்பிரும்பு. சூடு பட்டா அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். இது ரெண்டுக்கும் நடுவுல நசுங்கிக்கிட்டு நெருப்பு, தண்ணி, ஆயில் மூணையும் பிரிச்சு வைக்கிறதுதான் அந்தக் கேஸ்கெட். ஒரு தடவை அளவுக்கு மீறிக் கொதிச்சா ஹெட் வளைஞ்சிருக்கும். அதைக் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. பட்டறை ஸ்கேலை மேல வச்சு, அடியில ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கற மெல்லிசுத் தகட்டை, விட்டுப் பார்க்கணும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி இருந்தா லேத்துக்கு அனுப்பி ஃபேஸ் அடிக்கணும், அதாவது செதுக்கி மட்டமாக்கணும். நம்மாளு என்ன பண்ணாரு? உள்ளங்கையை வச்சுத் தடவினாரு. "நல்லாத்தான் சார் இருக்கு." என்ன, கொழந்தைக்குக் காய்ச்சல் பாக்கறாரா?

அப்புறம் பிளாக்ல ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை ஆக்ஸா பிளேடால வரட்டு வரட்டுன்னு சுரண்டல். அந்தத் தூள் எல்லாம் எங்க போச்சு? சிலிண்டருக்குள்ளயும் ஆயில் ஓட்டையிலயும்தான். போல்ட் ஓட்டைகள்ல தேங்கின தண்ணியைத் தொடைக்கல. போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கற டார்க் ரெஞ்ச் எங்கன்னு கேட்டேன். "முப்பது வருஷ அனுபவம் சார், என் கையே டார்க் ரெஞ்ச்." நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுத்தா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்க வேண்டிய போல்ட்டை, ஒரு ஓரத்துலேர்ந்து பைப்பு சொருகி ஒரே மூச்சுல முறுக்கினாரு. அந்த ஆயிலையாவது மாத்துவாருன்னு பார்த்தா, நான் சண்டை போட்ட அப்புறம்தான் மாத்தினாரு.

நாலு மாசம். சரியா நாலே மாசம். திரும்ப ரேடியேட்டர்ல குமிழ் குமிழா வருது, மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு.

ரெண்டாவது தடவை கேஸ்கெட்டோட ரெண்டு பக்கமும் பேஸ்ட்டை அப்பினாரு, தோசைக்கு மொளகாப்பொடி மாதிரி. கூடவே ஒரு இலவச சேவை: தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டாரு! "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர்நாட்டுக்காரன் வச்சது." இந்த ஒரு டயலாக்கை நான் எத்தனை ஒர்க்ஷாப்புல கேட்டிருக்கேன் தெரியுமா! ஐயா, என்ஜினுக்கு வேண்டியது குளிர்ச்சி இல்ல, சரியான சூடு. எண்பது டிகிரி சொச்சத்துல தொறக்கற அந்த வால்வு இல்லேன்னா, ஹைவேல முள் அடியிலயே படுத்துக்கெடக்கும். என்ஜின் இன்னும் சூடாகலன்னு நெனச்சுக்கிட்டு ஈசியூ, அதான் என்ஜினோட கம்ப்யூட்டர், பெட்ரோலை அள்ளி ஊத்தும். லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் குடுத்த வண்டி பதிமூணுக்கு வந்துச்சு. சிக்னல்ல நின்னா அப்பவும் கொதிச்சுது. ஏன்னா நோய் தெர்மோஸ்டாட்ல இல்லவே இல்ல. ரேடியேட்டர்ல வருஷக்கணக்கா ஊத்தின போர் தண்ணி உப்பு, குழாய்ல பாதியை அடைச்சுக் கெடந்துச்சு. ஃபேன் சுவிட்ச் வேற நேரத்துக்கு வேலை செய்யல. கேஸ்கெட் ஏன் போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. போனதை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தாங்க. நானும் எண்ணிக் குடுத்துக்கிட்டே இருந்தேன்.

மூணாவது தடவை ஹெட்டைக் கழட்டித் துணியில சுத்தி நானே லேத்துக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசல. ஸ்கேலை வச்சாரு, ஃபீலரை நடுவுல விட்டாரு. 0.15 மில்லிமீட்டர் தகடு சர்ருன்னு உள்ள போயிட்டு வெளிய வந்துச்சு. என்னை ஒரு பார்வை பார்த்தாரு. ஃபேஸ் அடிச்சு, விரிசல் இருக்கான்னு அழுத்தச் சோதனையும் பண்ணிக் குடுத்தாரு. ரெண்டு தடவை லேபருக்கு அழுததுல அது கால்வாசி கூட இல்ல! சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் சுவிட்ச், கூலன்ட் எல்லாம் வாங்கி, ரேடியேட்டரைப் பிரிச்சுக் கழுவி, வேற ஒருத்தர் டார்க் ரெஞ்ச் வச்சு மாட்டினாரு. மூணு நாள் ஆச்சு. ஆகட்டுமே.

கடைசியா கழட்டின கேஸ்கெட்டைப் பார்த்தப்பதான் வயிறு எரிஞ்சுது. ரெண்டாவது சிலிண்டருக்கும் மூணாவதுக்கும் நடுவுல கரிஞ்சு அறுந்திருக்கு. மொதல் கேஸ்கெட்டும் அதே எடத்துலதான் போயிருக்கணும். பழைய ஒர்க்ஷாப்புக்கே போய், "அண்ணே, மொதல்ல கழட்டின கேஸ்கெட் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"அதை எப்பவோ காயலான் கடையில போட்டாச்சு. அதை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?"