கப்பல் வந்தால் நமக்கு ஆட்டோ இல்லை

கொழும்புத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் வந்து நின்றால் போதும், கோட்டை ஆட்டோக்காரர்களுக்கு நம் முகமே தெரியாது. "நானா, செட்டியார் தெருவுக்குப் போவமா?" என்றால் பதில் இல்லை. மீட்டரா? அதற்கு மேல் துவாய் போர்த்தியிருக்கிறது.

சரி, நடப்போம் என்றால் இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால், நட்டநடு ரோட்டில் நின்று படம் எடுக்கிறார்கள். 1909இல் கட்டி முடித்த பள்ளி, இன்றைக்கா ஓடிவிடப் போகிறது? ஓரமாக நின்றால் என்னவாம்? வண்டி தள்ளும் நாட்டாமி "வழி, வழி" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அவரையும் சேர்த்துப் படம் பிடிக்கிறார்கள்!

மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டுகூட நேற்றைய விலையில் இல்லை. கேட்டால், "கப்பல் வந்திருக்குதானே" என்கிறான். நான் என்ன கப்பலிலா வந்தேன்? வத்தளையிலிருந்து பஸ்ஸில், அதுவும் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு!