டீப்சீக் எந்தத் திட்டத்தில் இருந்தது?

சீனாவின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்சீக்கைப் பற்றி நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார்: "சீனாக்காரன் 2017-லேயே திட்டம் போட்டான், இன்னிக்கு அமெரிக்காவுக்கே தண்ணி காட்டுறான். நாம பட்டிமன்றம் நடத்திக்கிட்டிருக்கோம்." ஏகப்பட்ட லைக். பட்டிமன்றம் பற்றிச் சொன்னதில் எனக்குத் தகராறு இல்லை. முதல் பாதிதான் இடிக்கிறது.

திட்டம் இருந்தது உண்மைதான். 2017 மே மாதம் சீனாவின் ஊஜென் ஊரில் கூகுளின் ஆல்ஃபாகோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், கோ என்ற பலகை ஆட்டத்தில் உலகின் முதலிடத்தில் இருந்த சீன வீரர் கே ஜியேவை 3-0 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. சீனாவுக்குள் அந்த ஆட்டத்தை நேரலையில் காட்டவே விடவில்லை. இரண்டு மாதத்தில், ஜூலையில், சீன அரசு தன் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தை வெளியிட்டது. (அந்தத் தோல்விக்காகவே எழுதினார்கள் என்று கதை கட்ட மாட்டேன். அவ்வளவு பெரிய ஆவணம் இரண்டு மாதத்தில் தயாராகாது.) 2025-க்குள் பெரிய பாய்ச்சல், 2030-க்குள் உலகத்துக்கே தலைமை இடம், 1 லட்சம் கோடி யுவான் மதிப்புள்ள தொழில் என்றெல்லாம் அதில் இருந்தது.

அந்த ஆண்டு கடைசியிலேயே எந்த வேலை எந்த நிறுவனத்துக்கு என்றும் பிரித்துவிட்டார்கள். ஓட்டுநர் இல்லாத கார் பைடுவுக்கு, நகர நிர்வாகம் அலிபாபாவுக்கு, மருத்துவப் படங்கள் டென்சென்டுக்கு, பேச்சு ஐஃபிளைடெக்குக்கு. மறு ஆண்டு சென்ஸ்டைமும் சேர்ந்தது. இதுதான் 'தேசிய அணி'.

சரி, 2025 ஜனவரி 27 அன்று அமெரிக்க சிப் நிறுவனமான என்விடியாவின் பங்கை ஒரே நாளில் 17 சதவீதம் சரித்து, ஏறத்தாழ 59,000 கோடி டாலர் சந்தை மதிப்பைக் காணாமல் செய்தது இந்த அணியில் யார்? ஒருவரும் இல்லை. ஹாங்ஜோவில் பங்குச் சந்தையில் கணக்குப் போட்டுச் சம்பாதித்துக்கொண்டிருந்த லியாங் வென்ஃபெங் 2023-இல் தொடங்கிய டீப்சீக். அவருடைய பங்கு வியாபார நிறுவனம் முன்கூட்டியே சிப்புகளை வாங்கிக் குவித்திருந்தது. பெய்ஜிங்கின் 2017 பட்டியலில் அந்தப் பெயருக்கு இடம் இருந்திருக்கவே முடியாது. பெயரே அப்போது கிடையாது.

இன்னொரு கட்சி இருக்கிறது: "அமெரிக்கா தடை போட்டதால்தான் சீனா வளர்ந்தது." இதுவும் பாதிக் கதை. 2022 அக்டோபர் 7-இல் வந்த ஏற்றுமதித் தடையில் உயர் ரக சிப்புகள் நின்றன. உடனே என்விடியா விதிக்குள் அடங்குகிற மாதிரி எச்800 என்று ஒன்றைச் செய்து விற்றது. கணக்குப் போடும் வேகம் கிட்டத்தட்ட அதேதான், ஒரு சிப் இன்னொன்றோடு பேசும் வேகத்தை மட்டும் குறைத்திருந்தார்கள். ஓராண்டில் அதுவும் தடைப்பட்டது. கையில் இருந்த எச்800-இல் 2,048-ஐ வைத்துத்தான் டீப்சீக் தன் வி3 மாடலைப் பயிற்றுவித்தது. மொத்தம் 67,100 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றுக்கொண்டதைத் தாங்கும் எண்கள்), ஆனால் ஒவ்வொரு சொல்துண்டுக்கும் 3,700 கோடிதான் வேலை செய்யும். பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு போகிறவரை எல்லா டாக்டரும் சேர்ந்து பார்ப்பதில்லையே, அந்த மாதிரி. சிப்புகளுக்கு இடையிலான போக்குவரத்து நெரிசலைச் சமாளிக்க, ஒவ்வொரு சிப்பிலும் ஒரு பகுதியைத் தகவல் கடத்துவதற்கென்றே ஒதுக்கினார்கள். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்.

ஆனால் தடை நல்லதுக்கு என்று லியாங்கே சொல்லவில்லை. பணம் எங்களுக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை, சிப் தடைதான் பிரச்சினை என்றுதான் பேட்டியில் சொன்னார். அப்புறம், வி3-ஐ வெறும் 56 லட்சம் டாலரில் செய்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு. அது கடைசிப் பயிற்சி ஓட்டத்துக்கான சிப் வாடகை மட்டும். அதற்கு முந்தைய ஆராய்ச்சிச் செலவு அதில் இல்லை என்று அவர்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் ஆட்கள் அந்த வரியைத்தான் படிப்பதில்லை.

திட்டம் போட்டுப் பணம் கொட்டிய இடத்தில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். வூஹானில் 2017-இல் ஹாங்சின் என்று ஒரு சிப் ஆலை தொடங்கினார்கள். 12,800 கோடி யுவான் திட்டம். தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சியில் பெரிய பொறுப்பில் இருந்தவரையே தலைமைக்குக் கூட்டி வந்தார்கள். சிப் செய்வதற்கான நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் எந்திரம் வந்து இறங்கியபோது விழா எடுத்தார்கள். பிறகு ஒரு நாள்கூட ஓடாத அந்த எந்திரத்தை வங்கியில் அடகு வைத்தார்கள். 2021-இல் ஊழியர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு சிப் வெளியே வரவில்லை. நம் ஊர் என்றால் இதை வைத்தே பத்து வருஷம் மீம் போட்டிருப்போம்.

அப்படியானால் அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. அதற்கு 'செயற்கை நுண்ணறிவு' என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். டீப்சீக்கில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் சீனப் பல்கலைக்கழகங்களிலேயே படித்த இளைஞர்கள். மின்சாரத்தில் சீனா இன்று அமெரிக்காவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் உற்பத்தி செய்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் டேட்டா சென்டருக்குக் கரண்ட் தேடி அலைகிற நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கல்லூரியும் கரண்டும் போட்ட அடித்தளத்தில்தான் யாரும் எதிர்பார்க்காத ஒருவர் வந்து வீடு கட்டினார்.

அதே அரசுதான் வாயையும் கட்டுகிறது. 2023 ஆகஸ்ட் 15 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, பொதுமக்களுக்கு விடப்படும் எந்த மாடலும் 'சோசலிச அடிப்படை மதிப்புகளை'க் காக்க வேண்டும். 1989-இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த போராட்டத்தை அரசு ஒடுக்கியது பற்றி டீப்சீக்கிடம் கேளுங்கள், வேறு ஏதாவது பேசலாமா என்று நழுவும். கணக்கில் சூரப்புலி, தன் நாட்டு வரலாற்றில் ஊமை.

எனக்கு இனிமேல்தான் ஆர்வம். 2025 பிப்ரவரியில் ஷி ஜின்பிங் கூட்டிய தொழிலதிபர் கூட்டத்தில் லியாங்கும் உட்கார்ந்திருந்தார். அரசின் கண் படாமல் வளர்ந்தவர் மேல் இப்போது முழுக் கண்ணும் விழுந்துவிட்டது. அதே மாதம் ஷென்ஜென் நகரின் ஃபூதியன் மாவட்ட நிர்வாகம், டீப்சீக்கை வைத்து 70 'டிஜிட்டல் ஊழியர்களை' வேலைக்கு அமர்த்தியிருப்பதாக அறிவித்தது. கோப்பு திருத்துவதும் மனுக்களைப் பிரித்து அனுப்புவதும் அவற்றின் வேலையாம்.