ஒரு மீட்டிங் போய்விட்டு "ஒத்துவரல" என்று முடிவு கட்டாதீர்கள்

"ஏஏ மீட்டிங் எல்லாம் போய்ப் பார்த்தாச்சுங்க, அவருக்கு ஒத்துவரல." குடிநோய் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. விசாரித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, மனைவி, மச்சான் எல்லோரும் சேர்ந்து ஆளைக் கூட்டிப்போய் ஒரே ஒரு கூட்டத்தில் உட்கார வைத்திருப்பார்கள். அந்த ஒரு கூட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர். தினமும் காலையிலேயே கை நடுங்கிக் குடிக்கிறவர், இன்றோடு நிறுத்துகிறேன் என்று வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் இடம் புரியாமல் உளறுவது வந்தால் உயிருக்கே ஆபத்து, 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். குழுவில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் இதற்கு அவர்களிடம் மருந்து கிடையாது.

அடுத்தது, எந்தக் கூட்டம்? வீட்டுக்குப் பக்கமா என்று பார்ப்பதை விட, எத்தனை மணிக்கு என்று பாருங்கள். டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்குக் கண்டம் மாலை 6 முதல் 9 வரைதான். பல ஏஏ குழுக்கள் கூடுவதும் அந்த மாலை நேரத்தில்தான், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். வேலை முடிந்து நேராகப் போகிற வழியில் ஒரு குழுவைப் பிடித்தால் அந்த நேரம் கடந்துவிடும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மறுபடி கிளம்புகிறேன் என்றால் நடுவில் கடை வந்துவிடும்.

ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாக விவரம் இருக்கிறது. அரசின் 14446 எண்ணில் சிகிச்சை பற்றி இலவசமாகக் கேட்கலாம். பட்டியலை மட்டும் நம்பிப் போகாதீர்கள், இடமும் நேரமும் மாறியிருக்கலாம். அங்குள்ள எண்ணுக்குப் பேசி, இன்று கூட்டம் உண்டா, தமிழில் நடக்குமா, எந்த வாசல் வழியாக வர வேண்டும், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். மூடிய கூட்டத்தில் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டுமே உட்காரலாம், திறந்ததில் குடும்பத்தாரும் வரலாம். கூட்டம் பெரும்பாலும் சர்ச் வளாகம், பள்ளி வகுப்பறை போன்ற இடங்களில் நடக்கும், பெரிய போர்டு இருக்காது. வாசலில் யாரும் தெரியவில்லை என்று பலர் திரும்பிவிடுவது இங்கேதான். முன்கூட்டியே பேசியிருந்தால் ஒருவர் வெளியே வந்து நிற்பார்.

கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள், குறுக்கே யாரும் அறிவுரை சொல்ல மாட்டார்கள். முதல் நாள் "கேட்க மட்டும் வந்தேன்" என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நன்கொடைப் பை சுற்றி வரும்போது புதியவர் காசு போட வேண்டியதில்லை. கடவுள் பேச்சு வருகிறதே என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. குடியை விட ஏஏ சொல்லும் 12 படிகளில் கடவுளை 'நாம் புரிந்துகொண்ட வகையில்' என்றுதான் இருக்கிறது, நாத்திகரும் உட்காரலாம்.

முக்கியமான வேலை கூட்டம் முடிந்த பிறகு. டீ குடிக்கும் நேரத்தில் இரண்டு மூன்று பேரின் போன் எண்ணை வாங்காமல் கிளம்பாதீர்கள். குடித்துவிட்டுப் பேச அல்ல, குடிக்கத் தோன்றும்போது பேச. சில வாரத்தில் அவர்களில் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டுபவராக, இருக்கக் கேளுங்கள்: ஓராண்டாவது குடிக்காமல் இருப்பவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். தமிழ்க் குழுக்களில் பெண்கள் குறைவு. தனியாகப் போகத் தயங்கும் பெண்களுக்குப் பெண்கள் மட்டும் கூடும் ஆன்லைன் கூட்டங்கள் உண்டு.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சு அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 27 ஆய்வுகளில் 10,565 பேரைப் பார்த்தது. நோயாளியை ஏஏவோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையில், ஓராண்டு கழித்து நூற்றுக்கு 42 பேர் முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 பேர். 'முறையாக இணைத்து' என்பதைக் கவனியுங்கள், எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு இந்தப் பலன் இல்லை. 90 நாளில் 90 கூட்டம் என்ற வழக்கம் அதற்காகத்தான். வாரத்துக்கு ஒரே கூட்டம் உள்ள ஊரில் மற்ற நாட்களை ஆன்லைனும் போனும் நிரப்பட்டும். குறைந்தது மூன்று வெவ்வேறு குழுக்களில் ஆறேழு தடவை உட்கார்ந்த பிறகு சொல்லுங்கள், ஒத்துவருகிறதா இல்லையா என்று.

யாராவது ஒரு மூத்த உறுப்பினர் "மாத்திரையெல்லாம் எதற்கு, நிறுத்து" என்றால் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அதே போல, சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து கொடுக்கும் 'குடி மறக்கும் மருந்து' வேண்டவே வேண்டாம். அதில் டைசல்ஃபிரம் (மதுவோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து) இருந்து, அவர் தெரியாமல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். வெட்கப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போடும்போதுதான் அது ஆறு மாதமாகிறது. போதையோடு போனாலும் சத்தம் போடாமல் பின்வரிசையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். போவதற்கு முன் அந்த எண்களில் ஒன்றுக்குப் போன் செய்து, "நேற்று குடிச்சிட்டேன், இன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.