தொட முடியாத தூரத்தில்

ஓகஸ்டில் கனடாவில் இருந்து அண்ணா குடும்பத்தோடு வருகிறார். பிள்ளைகள் தாங்கள் பார்க்க வேண்டிய இடங்களை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சிகிரியா, எல்ல ரயில், நல்லூர்த் திருவிழா. எல்லாம் சரி. அதற்குள் ஒரு வரி: "யானைச் சவாரி, பிறகு யானையைக் குளிப்பாட்டுவது." அதை வாசித்த நாளில் இருந்து மனதுக்குள் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் அந்த ஆசையோடு வளர்ந்தவள்தான். ஒன்பது வயதில் பின்னவல யானைகள் அனாதை இல்லத்தில் யானைக்குட்டி ஒன்றுக்குப் போத்தலில் பால் கொடுத்த படம் இன்னும் அம்மாவின் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. ஒரே மூச்சில் போத்தலைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று துதிக்கையால் என் சட்டைக் கையைத் தடவிப் பார்த்தது அந்தக் குட்டி. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் உண்மையானது. அதனால் யானையைத் தொட ஆசைப்படும் பிள்ளையை நான் ஒருநாளும் ஏச மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு சவாரி நடத்தும் ஓர் இடத்துக்குப் போனேன். முதுகில் இரும்பு இருக்கை கட்டிய பெண் யானை ஒன்று வெயிலில் நின்றது. ஒரு குடும்பம் இறங்க, அடுத்த குடும்பம் ஏறும். அதே சுற்று, திரும்பவும் அதே சுற்று. இருக்கையின் வார் உரசிய இடத்தில் தோல் புண்ணாகி, அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்தார்கள். ரிக்கற் எடுத்த பிறகுதான் அதைக் கண்டேன். "அம்மா, வேண்டாம், வீட்டுக்குப் போவோம்" என்றாள் மகள். வந்துவிட்டோம்.

அவ்வளவு பெரிய உடம்பு, நாலு பேரின் பாரம் அதற்கு என்ன என்று நானும் நினைத்திருந்தேன். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். யானையின் முதுகெலும்பில் முள்போல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகள் உண்டு. இருக்கையும் ஆட்களும் அழுத்துவது அங்கேதான். இன்னொன்று: மாடும் குதிரையும்போல யானை தலைமுறை தலைமுறையாக வீட்டு மிருகமாக வளர்க்கப்பட்டதல்ல. ஒவ்வொரு யானையையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். யாரோ தெரியாதவர்கள் வந்து முதுகில் ஏறுவதைப் பொறுத்துக்கொள்ள அது எப்படிப் பழக்கப்பட்டிருக்கும் என்று ஒருமுறை யோசித்தவர்கள் ரிக்கற் கவுண்டருக்குப் போக மாட்டார்கள்.

பின்னவல அப்படிப்பட்ட இடம் இல்லை. அதை ஒரே வார்த்தையில் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1975 இல் வனசீவராசிகள் திணைக்களம் ரம்புக்கனைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் தாயிழந்த குட்டிகளுக்காகத் தொடங்கியது. துப்பாக்கிச் சூட்டில் பார்வை போன கொம்பன் ராஜாவுக்கு அதுதான் வீடாக இருந்தது. கண்ணிவெடியில் முன்காலின் பாதத்தை இழந்த சமாவுக்கும் அதுதான். கண்ணிவெடியோடு வாழ்ந்த நமக்கு அந்த நொண்டல் நடையை விளக்கத் தேவையில்லை. அவர்களைக் காட்டில் கொண்டுபோய் விட்டிருந்தால் எத்தனை நாள் உயிரோடு இருந்திருப்பார்கள்?

எனக்கு உறுத்துவது வேறு. 1984 இல் அங்கே முதல் குட்டி பிறந்தது. பிறகும் குட்டிகள் பிறந்தன. 2021 இல் இரட்டைக் குட்டிகளே பிறந்தபோது நாடே கொண்டாடியது, நானும் அந்தப் படத்தைப் பகிர்ந்தேன். ஆனால் அந்தக் குட்டிகளுக்குத் தாய் பக்கத்திலேயே இருக்கிறாள். அவை அனாதைகள் அல்ல. காடு மட்டும்தான் இல்லை. மகா ஓயாவில் குளிக்கப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கடை, கையில் கமரா. அனாதைகளுக்காகத் தொடங்கிய இடத்தில் ஏன் புதிதாகக் குட்டிகள் பிறக்க வேண்டும் என்ற கேள்வியை நாம் சத்தமாகக் கேட்க வேண்டும்.

அதற்காக நாளைக்கே யாரும் போகாதீர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒருநாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். தாய்லாந்தில் 2020 இல் சுற்றுலா நின்று முகாம்கள் மூடப்பட்டபோது, தீனிக்கு வழியில்லாமல் பாகன்கள் தங்கள் யானைகளை நூறு கிலோமீட்டருக்கு மேல் நடத்தியே சொந்த ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள்.

போன வருடம் உடவளவவுக்குப் போனோம். அங்கே 1995 இல் தொடங்கிய யானைக்குட்டிகளின் இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. 'இடைத்தங்கல்' என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்குப் போர்க்கால முகாம்களின் ஞாபகங்கள் வரும். ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. குட்டிகள் உண்மையிலேயே திரும்பிப் போகின்றன. சில வருடம் பாலும் மருந்தும் கொடுத்து வளர்த்து, கூட்டமாகச் சேர்த்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இதுவரை நூறுக்கும் மேல் போய்விட்டன. பார்க்க வருகிறவர்கள் வேலிக்கு அப்பால் மேடையில் நிற்க வேண்டும். தொட விட மாட்டார்கள், குளிப்பாட்ட விட மாட்டார்கள். பால் நேரத்தில் மட்டும் குட்டிகள் சில சிலவாக ஓடிவரும், புனலில் குழாய் வைத்துப் பாலை ஊற்றுவார்கள், குடித்துவிட்டு எங்களைத் திரும்பியும் பார்க்காமல் பற்றைக்குள் போய்விடும். அவ்வளவுதான் காட்சி. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அன்றில் இருந்து ஓர் இடத்துக்குப் போகுமுன் ஒன்றைத்தான் விசாரிக்கிறேன்: தொட விடுவார்களா? விடுவார்கள் என்றால் நான் வரவில்லை. தென்கரையில் ஆமைக்குஞ்சைக் கையில் தருகிற பொரிப்பகங்களுக்கும் இதுதான் பதில். பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் கொஞ்ச நாளைக்கான கருவுணவு இருக்கும். ஆழ்கடல்வரை நீந்துவதற்கான பலம் அது. நாம் படம் எடுப்பதற்காகத் தொட்டியில் வைத்திருந்தால் அந்தப் பலம் தொட்டிக்குள்ளேயே கரைந்துவிடும்.

காட்டுக்குப் போனால் மட்டும் பாவமில்லை என்றும் நினைக்க வேண்டாம். மின்னேரியக் குளம் வற்றி, புல் முளைத்து, நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும் மாதம்தான் ஓகஸ்ட். ஜீப்புகளும் அப்போதுதான் நெருக்கியடிக்கும். கிட்டப் போகச் சொல்லி சாரதிக்குக் காசு நீட்டுகிறவர்கள் நாங்கள்தான். 2023 இல் மட்டும் 400க்கும் மேல் யானைகள் செத்த நாடு இது. காட்டுக்குள் அவற்றுக்கு இருக்கும் கொஞ்ச இடத்திலாவது அவற்றை மறிக்காமல் இருப்போமே.

அண்ணாவுக்கு நேற்றிரவு எழுதிவிட்டேன்: சவாரி இல்லை, குளிப்பாட்டல் இல்லை, உடவளவ ஒரு நாள், மின்னேரிய ஒரு பின்னேரம், ஜீப் தூரத்தில்தான் நிற்கும். சின்னவன் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். "அப்ப மாமி, தொடவே ஏலாதா?"

ஏலாது கண்ணா என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. பால் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தான்.