லரி றொபின்சன் ஓடிப்போனவர் அல்லர்

சனிக்கிழமை காலை, நம் பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி ஆடும் அரங்கின் வாசலில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள்; அதை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் பயிற்சியாளர் உடல்நிலை காரணமாகப் பருவத்தின் நடுவில் விலகியதற்கு, "லரி றொபின்சன் மாதிரி இவரும் பாதியில் ஓடிவிட்டார்" என்று உங்களில் ஒருவர் பிள்ளைகளின் காதுபடச் சொன்னது இன்னும் எனக்கு ஆறவில்லை. கனேடியன்ஸ் ஹொக்கி அணியின் ஆட்டக்காரராக றொபின்சன், வட அமெரிக்க ஹொக்கியின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை ஆறு முறை வென்ற இதே மொன்றியலில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல எப்படி வாய் வந்தது?

றொபின்சன் ஓடிப்போகவில்லை. 2005 டிசம்பரில், மன அழுத்தம் தன் உடம்பைப் பாதிக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, நியூ ஜேர்சி டெவில்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். காரணத்தை எல்லோரும் அறியச் சொல்லிவிட்டுப் போவதற்குப் பெயர் ஓட்டம் அன்று.

ஒன்ராறியோப் பண்ணையொன்றில் வளர்ந்த, ஆறடி நான்கு அங்குல உயரமான அந்தத் தற்காப்பு வீரர் 20 பருவங்கள் ஆடினார். இருபதிலும் அவருடைய அணி, பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓவ் சுற்றுக்குப் போனது. சிறந்த தற்காப்பு வீரருக்கான நொரிஸ் விருதை இரண்டு முறை பெற்றார். 1976 இறுதித் தொடரில் பிலடெல்பியாவின் கரி டோர்ன்ஹோஃபரை அவர் மோதிய மோதலில் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரே உள்வாங்கிப் போய், ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இவரையா பயந்தவர் என்கிறீர்கள்?

"ஆட்டக்காரராகச் சரி, பயிற்சியாளராக என்ன கிழித்தார்?" என்று கேட்பீர்கள். லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸில் நான்கு பருவங்களில் ஒரே ஒருமுறைதான் பிளேஓவ் வாய்த்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2000இல், பிளேஓவ் சுற்றுக்கு முன் எட்டு ஆட்டங்களே மீதியிருக்கும்போது டெவில்ஸ் அணியை அவர் கையில் கொடுத்தார்கள். நான்கு ஆட்டங்களை வென்றாக வேண்டிய பிளேஓவ் தொடரில் பிலடெல்பியாவிடம் 3-1 என்று பின்தங்கி, எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, எப்போதும் சாந்தமான அந்த மனிதர் உடைமாற்றும் அறையில் குப்பைத் தொட்டியை எட்டி உதைத்துக் கத்தினார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்ற அணி, இறுதித் தொடரில் டலஸையும் தோற்கடித்துக் கிண்ணத்தைத் தூக்கியது. ஓர் அணிக்காக இவ்வளவு கொதிக்கத் தெரிந்த நெஞ்சுதான் ஐந்து ஆண்டுகள் கழித்து, இனி முடியாது என்றது.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நானும் ஓர் இடத்தில் இரவு வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்தவன். நெஞ்சு இறுகி, படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்ட ஓர் இரவுக்குப் பிறகு, வைத்தியர் சொன்னபடி அந்தப் பொறுப்பை விட்டேன். "அவருக்குத் தாக்குப்பிடிக்கத் தெரியாது" என்று பேசினார்கள். சொந்தக்காரர்களிடம், வேறு நல்ல வேலை கிடைத்ததால் விட்டேன் என்று பொய் சொன்னேன். றொபின்சன் ஊரறியச் சொன்னதை என் அண்ணனிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

பிள்ளைகளுக்கு விடாமுயற்சியைக் கற்பிக்க வேண்டாமா என்கிறீர்கள். கற்பியுங்கள், நோயாளியை ஏசிக் கற்பிக்க வேண்டாம். விலகிய பிறகும் றொபின்சன் இந்த விளையாட்டை விட்டுவிடவில்லை. 2012இல் இறுதித் தொடர் வரை போன அதே டெவில்ஸ் அணியில் துணைப் பயிற்சியாளராக நின்றார். அதற்கு முன்பே, 2007இல், கனேடியன்ஸ் அவருடைய 19ஆம் இலக்கத்தை அவருக்கே உரியதாக்கி, அந்தச் சட்டையை அரங்கின் கூரைக்கு ஏற்றியிருந்தது. ஓடிப்போனவருக்கா அந்த மரியாதை?

ஞாயிறு பயிற்சிக்கு முன், ஸ்கேட்டின் நாடாவை நான் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, "அப்பா, சேர் எங்களை விட்டு ஓடிட்டாரா?" என்று மகன் கேட்டான். அவனும் தற்காப்பில் ஆடுகிறவன்தான். நாடாவைக் கையில் பிடித்தபடியே, அந்தப் படிக்கட்டு இரவை அவனுக்கு முதன்முறையாகச் சொன்னேன்.